நெருப்பு எப்போது? ஃபுஜியான் தேயிலைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், ஏப்ரல் 23, ஃபுஜோ

கோத்தகிரிக்கு மேலே எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்துச் சாக்கில் கட்டி, பேக்டரி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, எடைச்சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். அந்தக் கொழுந்து டீத்தூளாகத்தான் ஆகும் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதைப்போல. அது வேறு எதுவாகவாவது ஆகியிருக்கலாமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மகன் சீனாவுக்கு வேலையாகப் போய்விட்டு வந்தபோது கொண்டுவந்த மூன்று சிறிய பொட்டலங்களைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஒன்றில் வெள்ளைப் பூனைமயிர் போர்த்த மொட்டுகள், ஒன்றில் கருகிய கயிற்றுத் துண்டுகள்போல முறுக்கிய இலை, மற்றொன்றில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டைகள். மூன்றும் ஃபுஜியான் என்ற ஒரே மாகாணத்தில், ஒரே இனச் செடியிலிருந்து வந்தவை என்றான். அந்த மாகாணத்தைப் பார்க்க இப்போது நானும் என் மனைவியும் வந்திருக்கிறோம். மொழிக்குத் துணையாக இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் மாணவி ஒருவர் ஒன்பது நாளும் உடன் வருகிறார்.

பயணத்துக்கு முன் படித்ததில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். சீனர்கள் தங்கள் தேயிலைகளைப் பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், சிவப்பு, கருப்பு என்று ஆறு பிரிவாக வைத்திருக்கிறார்கள். அன்ஹுய் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் சென் சுவான் 1979-ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த இந்தப் பகுப்புக்கு அடிப்படை செடியும் அல்ல, ஊரும் அல்ல, செய்முறைதான். பறித்த இலையில் உள்ள ஒரு நொதி, இலை கசங்கினால் காற்றோடு சேர்ந்து அதைச் சிவக்க வைக்கும். நெருப்புக் காட்டினால் அந்த நொதி செத்துவிடும். பறித்த கையோடு நெருப்பில் போட்டால் பச்சைத் தேயிலை, முழுதாகச் சிவக்க விட்ட பிறகு போட்டால் சிவப்புத் தேயிலை, பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். நாம் பிளாக் டீ என்று சொல்வதைத்தான் இவர்கள் சிவப்பு என்கிறார்கள். இவர்களுடைய கருப்பு என்பது யுன்னானின் பூஅர் போல, நுண்ணுயிர்கள் வேலை செய்து உண்மையிலேயே நொதித்த தேயிலை. அதற்கு இந்தப் பயணத்தில் இடமில்லை. நம் பேக்டரிகளில் ‘ஃபெர்மென்டேஷன்’ என்று பலகை மாட்டிய அறையில் நடப்பது நொதித்தலே அல்ல, வெறும் சிவத்தல்தான் என்பதும் எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. ஆக, எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று முடிவு செய்துகொண்டேன்: நெருப்பு எப்போது?

ஃபுஜோவில் முதல் கேள்விக்கே குறுக்குச்சால் விழுந்தது. இந்த ஊரின் பெருமை மல்லிகைத் தேயிலை, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-ல் இதைப் பாதுகாக்க வேண்டிய வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கடையில் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததும் என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, கோப்பைக்குள் தேடினாள்.

“என்னங்க, மணம் மதுரை மல்லி மாதிரி தூக்குது. பூ எங்கே?”

பூ இல்லை. நல்ல மல்லிகைத் தேயிலையில் பூ இருக்கக் கூடாது என்றார் கடைக்காரர். வசந்தத்தில் செய்து காயவைத்த பச்சைத் தேயிலையைக் கோடைவரை காத்து வைத்திருக்கிறார்கள். கோடையில் பிற்பகலில் பறித்த மொட்டுகள் இரவு எட்டு மணிவாக்கில் வாய் திறக்கும்போது, தேயிலையும் பூவும் கலந்து குவித்துவிடுகிறார்கள். பூ மூச்சு விடுவதால் குவியல் சூடேறும். நடு இரவில் அதைப் பிரித்து ஆறவிட்டு மறுபடியும் குவிக்க வேண்டும். விடிந்ததும் வாடிய பூவைச் சலித்து எறிந்துவிட்டு, ஈரம் ஏறிய தேயிலையைக் காயவைத்து, அடுத்த நாள் புதுப் பூவோடு மறுபடியும் முதலிலிருந்து. உயர்ந்த ரகங்களுக்கு இது ஏழு முறை, ஒன்பது முறை நடக்கும். பெருங்காய டப்பாவின் பக்கத்தில் வைத்த டீத்தூள் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்தக் குறையையே இவர்கள் கலையாக்கி வைத்திருக்கிறார்கள். பூவும் அதே இனம்தான், நம் குண்டுமல்லி. சீனத்தில் அதன் பெயர் ‘மோலி’. வடமொழி ‘மல்லிகா’விலிருந்து வந்த சொல் என்கிறார்கள். ஏப்ரலில் பூப் பருவம் இல்லாததால் குவியலை நேரில் பார்க்க முடியவில்லை. மனைவிக்கு அந்த வருத்தம் இரவு உணவு வரையிலும் இருந்தது.

இரண்டாம் நாள், ஏப்ரல் 24, ஃபுதிங்

கடலோரமாக வடக்கே ஓடும் ரயிலில் காலையிலேயே ஃபுதிங் வந்து சேர்ந்தோம். வெள்ளைத் தேயிலையின் ஊர். தைமு மலையின் மொட்டைப் பாறைகளைச் சுற்றித் தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே நட்டிருப்பது பெரும்பாலும் ‘ஃபுதிங் பெரிய வெள்ளை’ என்ற செடிவகை. அதன் மொட்டு நம் செடியின் மொட்டைப்போல இரண்டு மடங்கு பருமனும், மேலெல்லாம் வெள்ளி ரோமமுமாக இருக்கிறது. முதல் பறிப்பில் மொட்டை மட்டும் எடுத்தால் ‘பாய்ஹாவ் யின்ஜென்’, அதாவது வெண்ரோம வெள்ளி ஊசி. மொட்டோடு ஓரிரண்டு இலை சேர்ந்தால் ‘பாய் மூதான்’. அதற்கும் பிந்திய முற்றின இலைகள் ‘ஷோமெய்’, அதாவது நீண்ட ஆயுளின் புருவம். ஊசிப் பருவம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதால், நாங்கள் பார்த்தது மூதானின் கடைசிப் பறிப்பை.

செய்முறை என்று பார்த்தால் இதைவிட எளிதாக எதுவும் இருக்க முடியாது. மூங்கில் தட்டுகளில் இலையைப் பரப்பி, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வாட்டி, மெல்லிய சூட்டில் காயவைப்பதோடு சரி. உருட்டுவதும் இல்லை, வாணலியில் வதக்குவதும் இல்லை. நெருப்பு எப்போது என்ற என் கேள்விக்கு இங்கே கிடைத்த விடை ‘ஏறக்குறைய வேண்டவே வேண்டாம்’ என்பதுதான். ஆனால் எளிது என்ற சொல்லை நான் உடனே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பழக்கதோஷத்தில், நம் பேக்டரியில் வாட்டும் தொட்டியில் கொழுந்தைக் கிளறிவிடுவதுபோல, ஒரு தட்டில் கைவிட்டு இலையைப் புரட்டினேன். அந்த வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கை பட்ட இடத்தில் இலை நசுங்கும், நசுங்கிய இடம் சிவக்கும், சிவந்த இலையை வெள்ளை என்று விற்க முடியாது. சற்று நேரம் கழித்து அந்தத் தட்டை அவரே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் புரட்டிய இடத்தில் நான்கைந்து இலைகளின் முதுகில், விரல் அழுத்திய அளவுக்கே, செங்கல் நிறத்தில் தழும்பு விழுந்திருந்தது. கோபமாகக் காட்டவில்லை, பாடமாகக் காட்டினார்.

வானிலைதான் இவர்களுடைய இயந்திரம். வடகாற்று அடிக்கும் வறண்ட நாள் கிடைத்தால் இலை நிதானமாக வாடும். தென்காற்று ஈரத்தோடு வந்தால் இலை வாடாமல் கறுக்கும். வெயிலை நம்பாமல் வெந்நீர்க் குழாய் ஓடும் அறைகளில் வாட்டுபவர்களும் இப்போது உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வெயிலில் வாடியதில் வைக்கோல் போர் வாசனையும் மெல்லிய இனிப்பும் இருந்தன. அறையில் வாடியதும் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள், ஏப்ரல் 25, ஃபுதிங்

காலையிலிருந்து மழை. வீட்டுக்காரரின் சமையலறையில் எட்டு வயதான ஷோமெய்யை மண்சட்டியில் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். ‘ஒரு வருடம் தேயிலை, மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் பொக்கிஷம்’ என்பது இவர்களுடைய வெள்ளைத் தேயிலைச் சொலவடை. மருந்து என்பதை நான் நம்பவில்லை. பொக்கிஷம் என்பதைப் பழைய தேயிலைக்குக் கடைத்தெருவில் கேட்கும் விலை நன்றாகவே மெய்ப்பிக்கிறது. கஷாயம் பழுப்பாக இறங்கி, பேரீச்சம்பழச் சுவையோடு தொண்டைக்கு இதமாக இருந்தது.

நான்காம் நாள், ஏப்ரல் 26, வூயி மலை

தேயிலை படித்தவர்களுக்கு வூயி மலை காசி மாதிரி. செம்பாறைக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்க, அவற்றின் இடுக்குகளில் கல் அடுக்கிய சிறு சிறு மேடைகளில் தேயிலைச் செடிகள் வளர்கின்றன. யுனெஸ்கோ 1999-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்தே அறிவித்தது. இங்கே விளைவது பாறைத் தேயிலை என்ற ஊலாங்.

காலையில் ஒன்பது நாகக் குழி என்ற பள்ளத்தாக்கின் வழியே நடந்து, புகழ்பெற்ற அந்த ஆறு தாய்ச் செடிகளைப் பார்த்தோம். ‘தா ஹொங் பாவ்’, பெரிய செவ்வங்கி, என்று பாறையில் சிவப்பெழுத்தில் செதுக்கியிருக்கிறது. நோயைத் தீர்த்த நன்றிக்குச் செடியின்மேல் செவ்வங்கி போர்த்தப்பட்டது என்பது கதை. போர்த்தியவர் யார் என்பதில் ஆளுக்கொரு வடிவம் சொல்கிறார்கள். நாற்பதடி தூரத்தில், பாறைச் சுவரின் நடுவே கட்டிய கல்மாடத்தில், கவ்வாத்துப் பண்ணாமல் விட்ட புதர்களாக அவை நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் பறிப்பு இல்லை. 2005-ல் கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங்கில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையெல்லாம் அங்கேயே பலகையில் படித்துவிட்டு, மாலையில் கடைத்தெருவில் ஒரு கடையில் ‘தாய்ச் செடி வம்சம்’ என்று சொன்னதை நம்பி ஒரு பொட்டலத்துக்கு நான் கொடுத்த பணத்தை இங்கே எழுத மாட்டேன். மனைவிக்கு அந்தத் தொகை தெரியும். வம்சம் என்பது பொய்யும் அல்ல. தண்டு வெட்டி நட்டு வளர்த்தவை மலை முழுதும் இருக்கின்றன. ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பல செடிவகைகளின் இலைகளைக் கலந்து, ஒரே சுவை வருமாறு செய்தது. கலவை என்றால் மட்டம் என்று பொருளில்லை. கலப்பவரின் நாக்குக்குத்தான் அங்கே விலை.

உள்ளூர்க்காரர்களின் பேச்செல்லாம் தா ஹொங் பாவைப் பற்றியதே அல்ல. இலவங்கப்பட்டை என்று பொருள்படும் ‘ரோகுய்’, நீர்த்தேவதை என்று பொருள்படும் ‘ஷுய்ஷியான்’ ஆகிய இரண்டைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். ‘மணத்தில் ரோகுய்யை மிஞ்ச முடியாது, திண்மையில் ஷுய்ஷியானை மிஞ்ச முடியாது’ என்பது ஊர் வழக்கு. அதிலும் எந்தப் பள்ளத்தில் விளைந்தது என்பதே முதல் கேள்வி. மூன்று குழி, இரண்டு ஓடை என்று எண்ணிச் சொல்லும் ஐந்து இடங்களில் விளைந்ததுதான் அசல் பாறைத் தேயிலை; வெளியே சமவெளியில் விளைந்ததை ‘ஆற்றங்கரைத் தேயிலை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இடுக்குகளில் வெயில் சில மணி நேரமே விழுகிறது. பாறை உதிர்ந்த பருக்கைக்கல் மண்ணில் தண்ணீர் நிற்பதில்லை. பாசி படிந்த சுவர் எப்போதும் ஈரம் சொரிகிறது. இலை அவசரமில்லாமல் வளர்கிறது. அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் மாட்டுத்தொழுவக் குழி. அங்கே விளையும் ரோகுய்யை, சொல் விளையாட்டாக, ‘நியூரோ’ என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். அதற்கு மாட்டிறைச்சி என்றும் பொருள். கடைக்காரர் முகம் மலர்ந்து ஏதோ கேட்க, மாணவி நேர்ப்பொருளாக, “நல்ல மாட்டிறைச்சி இருக்கிறது, கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா என்கிறார்” என்று சொல்ல, சைவமான என் மனைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 27, வூயி மலை

இன்று பார்த்ததற்காகவே இந்தப் பயணம் என்று சொன்னாலும் தகும்.

பிற்பகலில், முன்னதாகவே துளிர்க்கும் ஒரு வகையின் இலையைச் சுமைகாரர்கள் பள்ளத்திலிருந்து தோள்காவடியில் தூக்கி வந்து இறக்கினார்கள். மூட்டையைப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொழுந்தே இல்லை. மொட்டு வளர்ச்சி நின்று, இலை விரிந்து, மூன்று நான்கு இலைகளோடு ஒடித்த தண்டுகள். எங்கள் ஊரில் இதைப் ‘பாஞ்சி’ என்போம். பேக்டரி வாசலில் எடை போடுபவர் இப்படி ஒரு மூட்டையைப் பார்த்தால் திருப்பி அனுப்புவார், அல்லது விலையில் கைவைப்பார். ஊலாங்குக்கு வேண்டியதே பாஞ்சிதான். இளங்கொழுந்து கசப்பும் துவர்ப்பும் மிகுந்தது. இரவெல்லாம் குலுக்குவதைத் தாங்காமல் நைந்துவிடும். முதிர்ந்த இலையில்தான் மணத்துக்கு வேண்டிய சத்தும், அடி தாங்கும் தோலும் இருக்கின்றன. முப்பது வருடம் நான் ஒதுக்கிய இலை இங்கே மகுடம் சூடிக்கொண்டிருந்தது.

வெயிலில் சற்று நேரம் வாட்டிய இலையைச் சாயங்காலம் உள்ளே கொண்டுபோனார்கள். பெரிய அளவுக்கு இயந்திர உருளை இருந்தாலும், அந்த வீட்டுப் பெரியவர் ஒரு சிறு பங்கைக் கையால் செய்து காட்டினார். அகன்ற மூங்கில் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, முறத்தில் புடைப்பதற்கும் சல்லடை ஆட்டுவதற்கும் நடுவான ஓர் அசைவில் சுழற்றுகிறார். இலைகள் வளையமாகச் சுழன்று எழுந்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மோதி விழுகின்றன. விளிம்பு மட்டும் நசுங்க வேண்டும், நடுப்பகுதி நசுங்கக் கூடாது. சில சுற்றுகள் குலுக்கியதும் தட்டை அடுக்கில் வைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் சும்மா இருக்கிறார்கள். பிறகு மறுபடியும் குலுக்கல், முன்னைவிடச் சற்று அதிகமாக, மறுபடியும் ஓய்வு. விடியும் வரை இப்படியே.

அந்த ஓய்வில்தான் விஷயம் இருக்கிறது. தட்டில் துவண்டு கிடந்த இலை, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் விறைத்து எழுந்து நிற்கிறது. தண்டிலும் நரம்பிலும் மிச்சமிருந்த தண்ணீர் இலைக்குள் நடந்து வருகிறது. ‘தண்ணீர் நடக்கிறது’ என்பதே இவர்களுடைய சொல்லும். செத்த இலை உயிர்த்தெழுவதும், குலுக்கினால் மறுபடியும் சாவதும், இரவெல்லாம் கண்முன் நடக்கின்றன. பெரியவர் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தட்டுக்குள் புதைத்து முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். பத்து மணிக்கு வெட்டிய புல் வாசனை. நள்ளிரவுக்குப் பிறகு பச்சை வாசனை மங்கி, ஏதோ பூ. மூன்று மணிக்கு எனக்கு நம்மூர்ப் பழுத்த கொய்யா ஞாபகம் வந்தது. அப்போது ஓர் இலையை எடுத்து விளக்கின் எதிரே பிடித்துக் காட்டினார். நடுவில் பச்சை, விளிம்பைச் சுற்றிலும் பட்டுக்கரைபோலச் செம்மை. ‘பச்சை இலைக்குச் சிவப்பு ஓரம், மூன்று பங்கு சிவப்பு, ஏழு பங்கு பச்சை’ என்பது அவர்களுடைய அளவு.

நெருப்பு எப்போது என்று கேட்டேன். மாணவி மொழிபெயர்த்ததும் பெரியவர் சிரித்துவிட்டு மூக்கைத் தொட்டுக் காட்டினார். கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. நான்கரை மணிக்கு ஒரு தட்டை முகர்ந்தவர் எதுவும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பறைக்கு நடந்தார். மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். இருநூறு டிகிரிக்கு மேல் காய்ந்த வாணலியில் இலை விழுந்ததும் பட்டாசுச் சரம்போல வெடித்தது. அந்த நொடியோடு சிவத்தல் நின்றுபோகிறது. பிறகு சூடு ஆறுமுன் உருட்டி முறுக்குகிறார்கள், காயவைக்கிறார்கள். அதோடும் முடிவதில்லை: வரும் மாதங்களில் சாம்பல் மூடிய கரித்தணலின்மேல் மூங்கில் கூடைகளில் வைத்து, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வறுப்பார்கள். இந்த வசந்தத்தின் இலை குடிக்கத் தகுந்ததாக ஆக இலையுதிர்காலம் ஆகிவிடும். எங்கள் ஊரில் இன்று பறித்த கொழுந்து நாளை சாயங்காலம் தூளாகி மூட்டையில் இருக்கும்.

ஆறாம் நாள், ஏப்ரல் 28, ஷிங்சுன்

மதியம் வரை தூங்கிவிட்டு, ஒன்பது வளைவு ஓடையின் மேல்கரையில் இருக்கும் ஷிங்சுன் என்ற பழைய சந்தை ஊருக்குப் போனோம். உலகத்தின் முதல் சிவப்புத் தேயிலை பிறந்தது இதற்கும் மேலே, தொங்மு கிராமத்தில். அது இயற்கைக் காப்பகத்துக்குள் இருப்பதால் வெளியாட்களுக்குச் சோதனைச் சாவடியோடு வழி முடிகிறது. ஷிங்சுன் கடைகளில் உட்கார்ந்து அங்கிருந்து இறங்கும் தேயிலையைக் குடிப்பதே எங்களால் ஆனது.

‘ஜெங்ஷான் ஷியாவ்ஜோங்’ என்பது அதன் பெயர். வெளிநாட்டார் வாயில் லப்சாங் சூஷோங் ஆயிற்று. மிங் ஆட்சி முடிவின் கலவர நாட்களில் படைவீரர்கள் தேயிலைக் குவியலின்மேல் படுத்துத் தூங்க, காலையில் இலை சிவந்துவிட, வீணாக்க மனமில்லாமல் பைன் விறகுப் புகையில் காயவைத்தார்கள் என்று கதை. கதை கிடக்கட்டும், மரத்தால் ஆன மாடிக் கட்டடத்தின் அடியில் பைன் விறகு எரிய, மேல்தளங்களில் பரப்பிய இலையில் புகை ஏறுவது இன்றும் நடக்கிறது. முதல் மடக்கில் எங்கள் வீட்டு விறகடுப்பு வாசனையும், பின்னால் உலர்ந்த லோங்கன் பழத்தின் இனிப்பும் வந்தன. எங்களுக்குப் பிடித்தது. ஆனால் கடையில் கூட்டம் இதற்கு இல்லை. 2005-ல் இங்கே புதிதாகச் செய்யப்பட்ட, புகை காட்டாத, மொட்டு மட்டுமே கொண்ட ‘ஜின் ஜுன் மெய்’க்குத்தான். அரைக் கிலோவுக்குச் சுமார் 50,000 மொட்டு வேண்டும் என்றார் கடைக்காரர். பறிப்பவரின் விரலை நினைத்தால் எனக்குக் குடிக்க மனம் வரவில்லை. குடித்தபோது தேன் மாதிரி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வூயி என்ற பெயரைத்தான் ஐரோப்பியர் ‘போஹி’ என்று எழுதினார்கள். 1773-ல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலைப் பெட்டிகளில் 240 பெட்டி போஹி. பச்சையும் சிவப்பும் வேறு வேறு செடி என்று அவர்கள் நெடுநாள் நம்பினார்கள். தாவரங்களுக்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1762-ல் இரண்டுக்கும் இரண்டு தாவரப் பெயரே வைத்துவிட்டார். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலையை மழித்துப் பின்சடை வைத்துக்கொண்டு, தொலைதூர மாகாணத்துச் சீனர் என்று சொல்லி 1849-ல் இந்த மலைக்கே வந்தார். இரண்டும் ஒரே செடி என்பதைத் தோட்டங்களிலும் பட்டறைகளிலும் நேரில் பார்த்து எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் அனுப்பிய செடிகளும், கூட்டிச் சென்ற சீனத் தொழிலாளர்களும் 1851-ல் கல்கத்தா வழியாக இமயமலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது நம் பக்கத்துக் கதை. பெரிய தாவரவியலாளரே தவறியபோது நான் முப்பது வருடம் தவறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மனைவியிடம் சொன்னேன். “அவர் தோட்டம் வெச்சிருக்கலையே” என்றாள்.

ஏழாம் நாள், ஏப்ரல் 29, சுவான்ஜோ

நாள் முழுதும் ரயில். மாலையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் கைய்யுவான் புத்த கோயிலின் பின்புறம் போய், நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரண்டு தூண்களைப் பார்த்தோம். இந்தத் துறைமுகத்தில் இருந்த தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பி, 1281-ல் தமிழும் சீனமும் கலந்து வெட்டிய கல்வெட்டு கிடைத்த ஊர் இது. அவர்கள் இங்கே என்ன குடித்தார்களோ தெரியாது. அன்றைய சீனத் தேயிலை அச்சில் வார்த்த வில்லையாகவும் பொடியாகவும் இருந்தது. இலையாகவே ஊறவைக்கும் வழக்கம், 1391-ல் மிங் முதல் பேரரசர் வில்லைத் தேயிலையைக் கப்பமாக வாங்குவதை நிறுத்திய பிறகு பரவியது.

எட்டாம் நாள், ஏப்ரல் 30, ஆன்ஷி

சுவான்ஜோவுக்கு உட்பட்ட மலை மாவட்டம்தான் ஆன்ஷி. ‘தியே குவான் யின்’, இரும்புக் கருணைத்தேவி, இதன் தேயிலை. ஷிபிங் என்ற சிற்றூரின் இரண்டு கிராமங்கள் தாய்ச் செடி எங்களுடையதே என்கின்றன. ஒன்றில், தினமும் தேவிக்குத் தேநீர் படைத்த ஏழை விவசாயியின் கனவில் செடி தெரிந்தது; மற்றொன்றில், கற்றறிந்த ஒருவர் கண்டெடுத்துச் சியென்லோங் பேரரசரிடம் கொண்டுபோக, அவர் பெயர் வைத்தார். இரண்டு இடத்திலும் செடியைச் சுற்றி வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

பருவம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. வாட்டுவதும் குலுக்குவதும் வூயி மாதிரியே என்றாலும், வாணலிக்குப் பிறகு வழி பிரிகிறது. சூடான இலையைத் துணியில் கொட்டி, மூட்டையாக முறுக்கி, பரங்கிக்காய் அளவு பந்தாக்கி உருட்டுகிறார்கள். பிரித்து உதறிச் சூடேற்றி மறுபடியும் கட்டுகிறார்கள். இப்படிப் பலமுறை கட்டிப் பிரித்தால்தான் அகன்ற இலை சுருண்டு உருண்டையாகும். மகன் கொண்டுவந்த மிளகு உருண்டை இதுதான்.

காய்வானில் தேநீர் இறக்க எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். காய்வான் என்பது மூடியும் தட்டும் கொண்ட கைப்பிடியில்லாத கிண்ணம். ஏழெட்டு கிராம் உருண்டையைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, மூடியைச் சற்றே சாய்த்து, கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பைப் பிடிக்க, ஆள்காட்டி விரல் மூடியை அழுத்த, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். நான் விளிம்புவரை ஊற்றியதில் தப்பில்லை. விரலைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. நடுவிரல் நுனி வெந்து, கிண்ணத்தை நழுவவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காததுபோல மேஜையைத் துடைத்துவிட்டு, வேறு கிண்ணம் எடுத்து அவரே இறக்கினார். ஏழு முறை ஊற்றினாலும் மணம் மிச்சமிருக்கும் என்பார்கள். ஐந்தாவது முறைக்குள் உருண்டைகள் முழு இலைகளாக விரிந்து மூடியையே தூக்கிவிட்டன. ஓர் இலையை எடுத்து மேஜையில் நீவிப் பார்த்தேன். காம்பின் ஒடிந்த நுனிகூடத் தெளிவாக இருந்தது. எங்கள் தோட்டத்துச் செடியில் நேற்றுப் பார்த்த இலை என்றே சொல்லலாம்.

இங்கேயும் பழைய வழி, புதிய வழி என்று வழக்கு இருக்கிறது. குளிர்பதன அறையில் வைத்துச் சிவத்தலை வெகுவாகக் குறைத்து, பச்சை மாறாமல், ஆர்க்கிட் மணத்தோடு செய்வது ‘தெளிமணம்’. அதைக் காற்றெடுத்த சிறு பைகளில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சில மாதங்களில் மணம் போய்விடும். நன்றாகச் சிவக்கவிட்டுக் கரியில் வறுப்பது ‘திண்மணம்’. சந்தை பல ஆண்டுகளாகத் தெளிமணத்தின் பக்கம் இருந்தது. என் வாக்கு திண்மணத்துக்குத்தான். தெளிமணம் முகர்வதற்கு அருமை, மூன்றாவது கோப்பைக்குமேல் வயிற்றைப் பிசைகிறது.

ஒன்பதாம் நாள், மே 1, ஆன்ஷி

இன்று விடுமுறை என்று ஊரெல்லாம் கார்கள். வீட்டு முற்றத்தில் மட்டும் வேலை நிற்கவில்லை. வீட்டுக்காரரின் தாயார், எண்பது வயதுக்கு மேலிருக்கும், முறத்தில் காய்ந்த உருண்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கும் வேகத்தில் கிள்ள ஆரம்பித்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் குவியல் ஏறியது: விற்பதற்கு உருண்டை, வீட்டுக்குக் காம்பு. காம்பைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து நாள் முழுதும் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கிறார்கள்.

கிழவி எழுந்துபோய் ஒரு கண்ணாடி டம்ளரில் அதை மொண்டுவந்து நீட்டி, “லிம் தே” என்றார். மாணவி வடக்கத்திய மொழிக்காரர்; அவருக்கு அது புரியவில்லை. எங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது. சீனத்தின் பெரும்பாலான பகுதிகளில் ‘சா’ என்று வழங்கும் சொல் இந்தத் தென்ஃபுஜியான் பேச்சில் ‘தே’. பக்கத்திலிருக்கும் ஷியாமென் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்கு டீயாகப் போனதும், நம் தேயிலையிலும் தேநீரிலும் யாழ்ப்பாணத்தின் தேத்தண்ணியிலும் வந்து உட்கார்ந்திருப்பதும் அந்தச் சொல்தான். “தே?” என்று என் மனைவி டம்ளரைக் காட்டிக் கேட்டாள். “தே” என்று தலையாட்டினார் கிழவி. அவள் முறத்தில் மிச்சமிருந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “பஸ் எத்தனை மணிக்குங்க?” என்று என்னைக் கேட்டாள். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நானும் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டேன்.